ஊரில் அப்பாவுக்குச் சர்க்கரையா? கண்ணைக் காட்டினீங்களா?

ஊரில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருக்கிறதா? மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று போன் பண்ணிக் கேட்கிறீர்கள். சரி, அவர்களுடைய விழித்திரையைக் கடைசியாக எப்போது டாக்டரிடம் காட்டினீர்கள்?

'கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டாக்டர்?' என்றுதான் பதில் வரும். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது!

கண்ணின் உட்புறச் சுவரில் இருக்கும் மெல்லிய படலம்தான் விழித்திரை. கேமராவுக்குப் பிலிம் மாதிரி. ரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடுதலாகவே இருந்தால், அதிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகிக் கசிய ஆரம்பிக்கும். முற்றினால் புதிய குழாய்கள் முளைக்கும். அவை சுலபமாக உடைந்து கண்ணுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். ஆரம்பத்தில் வலி கிடையாது, பார்வையும் மங்காது. மங்கிய பிறகு ஓடினால், போன பார்வை முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் லேசர், ஊசி மருந்து என்று காப்பாற்ற வழி உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் ஒரு தடவை விழித்திரையைக் காட்டச் சொல்வது இதனால்தான்.

கிராமத்தில் இதற்குப் பெரிய தடை தூரம். இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு... 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்டுவிடுகிறார்கள்.

இந்தத் தூரத்தைக் குறைத்துக் காட்டிய ஊர் நம் தேனி! டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனி கிளையை, சுற்றுவட்டாரத்துப் பார்வை மையங்களோடு இணைக்க அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனமும் உதவின. கேபிள் இழுக்கவில்லை, ஆன்டெனா வைத்து நெடுந்தூர வை-ஃபை! 2006-லேயே ஐந்து மையங்களின் நோயாளிகளை, தேனியில் உட்கார்ந்தபடி டாக்டர்கள் வீடியோவில் பார்த்துப் பேசினார்கள்.

இன்று அரவிந்துக்கு நூறுக்கும் அதிகமான பார்வை மையங்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர் பயிற்சி பெற்ற பணியாளர். கண்ணைச் சோதித்து, தேவைப்பட்டால் விழித்திரையைப் படம் எடுத்து அனுப்புவார். தொலைவில் இருக்கும் டாக்டர் அதைப் பார்த்து யோசனை சொல்வார். பெரும்பாலானோருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும். மேல் சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

* ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு மையம் இருக்கிறதா, விழித்திரைப் படம் எடுக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

* சர்க்கரை, பிரஷர் ரிப்போர்ட்டுகளைக் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.

* பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். வண்டி ஓட்டக் கூடாது. துணைக்கு ஆள் வேண்டும்.

* புரை முற்றியிருந்தால் படம் தெளிவாக விழாது. 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்றால் தட்டாதீர்கள்.

* திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை போட்ட மாதிரி மறைத்தாலோ எங்கும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

இந்த வாரம் ஊருக்குப் போன் போடும்போது 'மாத்திரை போட்டீங்களா?' என்பதோடு இன்னொன்றும் கேளுங்கள்: 'கண்ணைக் காட்டினீங்களா?'