சூடு பிள்ளைக்கா, வீட்டுக்கா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரவு 2 மணிக்கு அடிக்கடி காணும் காட்சி இது. 10 மணிக்குத் தலையணையில் தலை வைத்த பிள்ளை, கடிகார முள்போல் மெல்லச் சுழன்று, தலை இருந்த இடத்தில் காலை நீட்டிக் கிடக்கும். போர்வை கட்டிலுக்குக் கீழே கிடக்கும். தலையணை தெப்பமாக நனைந்திருக்கும். "இதுக்குச் சூட்டு உடம்பு" என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டு, நல்லெண்ணெய்க்கும் இளநீருக்கும் ஏற்பாடு செய்வார். தீர்ப்பில் பாதி சரி. பிள்ளைக்குச் சுடுகிறது என்பது உண்மை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது பிள்ளையின் உடம்பல்ல, படுத்திருக்கும் அறை.

அப்படியானால் அதே அறையில் அப்பா மட்டும் கழுத்துவரை போர்த்திக்கொண்டு குறட்டை விடுவது எப்படி? நியாயமான கேள்விதான். எடைக்கு எடை பார்த்தால், சிறுபிள்ளையின் உடல் பெரியவர் உடலைவிடக் கூடுதலாக வெப்பத்தை உண்டாக்குகிறது. தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். அந்த வெப்பம் வெளியேறும் முக்கிய வாசல்கள் கைகளும் பாதங்களும். அவற்றின் தோல் வெதுவெதுப்பாகி வெப்பத்தை எவ்வளவு நன்றாக வெளியே விடுகிறதோ அவ்வளவு விரைவாகத் தூக்கம் வருகிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆழ்ந்த தூக்கத்தில் வியர்வை கூடுகிறது. அந்தத் தூக்கம் முன்னிரவில்தான் மிகுதி, அதுவும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு அதிகம். கண்ணயர்ந்த சிறிது நேரத்திலேயே தலை நனைவது இதனால்தான். போர்வையை உதைத்துக் காலை வெளியே நீட்டும் பிள்ளை குறும்பு செய்யவில்லை. உடம்பின் சன்னலைத் திறந்துவைக்கிறது.

சன்னலைத் திறந்தாலும் வெளியே இடம் வேண்டுமே! கோலாலம்பூரில் இரவின் மிகக் குறைந்த வெப்பமே பெரும்பாலும் 24 செல்சியஸை ஒட்டி நின்றுவிடுகிறது. காற்றின் ஈரப்பதமோ பல இரவுகளில் 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஒரு சொட்டு வியர்வை ஆவியாகும்போது, அதே சொட்டைக் கொதிக்கும் நிலைக்குச் சூடாக்கத் தேவையானதைப் போல் ஏறத்தாழ 8 மடங்கு வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஈரக்காற்றில் அது எளிதில் ஆவியாவதில்லை, தலையணைக்குள் இறங்குகிறது. சுவரும் தன் பங்கைச் செய்கிறது. 1881இல் தீயும் வெள்ளமும் மரவீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தபின், செங்கல்லும் ஓடும் கொண்டு நகரைக் கட்டச் சொன்னார் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம். அதற்குச் செங்கல் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ். நெருப்புக்குப் பயந்து கட்டத் தொடங்கிய அத்தகைய சுவர், பகல் வெயிலைச் சேமித்து இரவில் வட்டியோடு திருப்பித் தருகிறது. கீழே பஞ்சணை மெத்தை முதுகின் சூட்டைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. பிள்ளை சுழல்வது, இன்னும் சூடேறாத ஒரு முழ இடத்தைத் தேடித்தான்.

காற்றாடிக் காற்று பட்டால் சளி பிடிக்கும் என்பார்கள். சளியைத் தருவது கிருமி, காற்றல்ல. காற்று நேராக முகத்தில் வீசினால் மூக்கும் தொண்டையும் வறளலாம்; அதற்குக் காற்றாடியைத் திருப்பிவைத்தால் போதும், நிறுத்த வேண்டியதில்லை. இன்னொரு சாரார் ஏர்கோனை 18இல் வைத்து, அந்தக் குளிருக்காகத் தடித்த போர்வையும் வாங்குகிறார்கள். கிள்ளானில் காசு கொடுத்துப் பனிக்காலம் வரவழைத்து, அதிலிருந்து தப்பவும் காசு கொடுப்பது! ஏர்கோனின் பெரிய உதவி ஈரத்தை உறிஞ்சுவது. அதற்கு 25, 26 போதும். கைக்குழந்தைக்குத் தொப்பியும் போர்வையும் போட்டுத் தூங்கவைப்பது வெறும் அசௌகரியம் மட்டுமல்ல. உடல் மிகையாகச் சூடாவது திடீர் சிசு மரண ஆபத்தைக் கூட்டும். ஆனால், எல்லா வியர்வைக்கும் சுவரையே குறை சொல்ல முடியாது. உடல் வெப்பம் 38ஐ எட்டினாலோ, எடை குறைந்தாலோ, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்ற இரவுகளில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மெத்தையை விட்டு இறங்கித் தரை ஓட்டில் சுருண்டு கிடக்கும் பிள்ளையைத் தூக்குவதற்கு முன், முதலில் மெத்தையைத் தொடுங்கள், பிறகு மாலை வெயில் பட்ட சுவரை, கடைசியாகத் தரையை. எங்கே படுப்பது என்று பிள்ளை தூக்கத்திலேயே எடுத்த முடிவு சரிதான் என்று கையே சொல்லிவிடும். அந்தத் தரையில் ஒரு பாயை விரித்துக் கொடுத்தால் போதும்.