குறைந்தது என்றால் குறைவா?

அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன வாரம் அவள் நோட்டைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கணக்கு கண்ணில் பட்டது. ஒரு மாணவி மூன்று தேர்வுகளில் 52, 61, 58 வாங்கியிருக்கிறாள். நான்கு தேர்வுகளின் சராசரி குறைந்தது 60 வர வேண்டும். நான்காவது தேர்வில் எவ்வளவு எடுக்க வேண்டும்? கூட்டல், பெருக்கல் எல்லாம் சுத்தமாகச் செய்திருந்தாள். மூன்றையும் கூட்டினால் 171. நான்காவது மதிப்பெண் 'ந'. (171 + ந) ÷ 4 ≤ 60. ஆகவே 171 + ந ≤ 240. விடை: ந ≤ 69.

"அப்படின்னா நாலாவதுல முட்டை வாங்கினாலும் சராசரி அறுபது வந்துடுமா?" என்று கேட்டேன்.

நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். "குறைந்ததுன்னுதானே சித்தப்பா போட்டிருக்கு? குறைவுக்கு இந்தக் குறிதானே?"

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால் அவள் மேல் தப்பே இல்லை என்று தோன்றியது. 'விலை குறைந்தது', 'காய்ச்சல் குறைந்தது' என்றால் கீழே இறங்கியது என்று அர்த்தம். 'குறைந்தது 35 எடுத்தால்தான் பாஸ்' என்றால் 35-இலிருந்து மேலே போ என்று அர்த்தம். ஒரே சொல், ஒன்று கீழே இழுக்கிறது, இன்னொன்று மேலே தள்ளுகிறது. இதற்கு நேர் எதிரான கூத்தும் தமிழில் உண்டு. 'மிஞ்சிப்போனா பத்துப் பேர் வருவாங்க' என்கிறோம். சொல்லில் 'மிஞ்சுவது' இருக்கிறது. பொருளோ பத்தை மிஞ்சாது என்பது. இத்தோடு அரசு விண்ணப்பங்களின் 'மிகாமல்', 'குறையாமல்', 'மேற்படாத' எல்லாம் சேர்ந்தால், பதினான்கு வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் குறி போடும்? முதல் பாதிச் சொல்லைப் பார்த்துப் போடும்.

அசமன்பாட்டுக் கணக்குகளில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் கணக்கில் அல்ல, இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அசமன்பாடு என்கின்றன, இலங்கையில் சமனிலி என்பார்கள். எனக்கென்னவோ சமனிலிதான் பிடித்திருக்கிறது, சொல்லும்போது நாக்கில் இடறுவதில்லை. பெயர் எதுவானாலும் சங்கதி ஒன்றுதான். சமன்பாட்டில் இருபுறமும் சமம், விடை பெரும்பாலும் ஓர் எண். சமனிலியில் ஒருபுறம் பெரியது அல்லது சிறியது, விடை ஓர் எல்லை. அந்த எல்லைக்கு ஒரு பக்கம் இருக்கும் எல்லா எண்களும் விடைதான்.

சொல்லை நம்பாமல் எண்ணை வைத்துப் பார்ப்பதுதான் நான் அவளுக்குச் சொன்ன வழி. குறைந்தது 35 என்றால், 34 எடுத்தவள் பாஸா? இல்லை. 35? பாஸ். 36? பாஸ். ஆகவே ≥. எல்லைக்கு ஒன்று கீழே, எல்லையிலேயே, ஒன்று மேலே என்று மூன்று எண்களை வைத்துப் பார்த்தால் போதும். நடுவில் இருக்கும் எண்தான் முக்கியம்: குறிக்குக் கீழே கோடு வருமா வராதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

அந்த நடு எண்ணால் வரும் தகராறுக்கு ரயில் டிக்கெட் நல்ல உதாரணம். ஐந்து வயது நிறைந்து பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் அரை டிக்கெட். வயதை 'வ' என்று வைத்தால் 5 ≤ வ < 12. இடது பக்கம் கோடு உண்டு, வலது பக்கம் இல்லை. பன்னிரண்டாம் பிறந்த நாளைத் தாண்டிய பிள்ளையின் அப்பா பரிசோதகரிடம் "பன்னிரண்டுதானே சார் ஆகுது" என்று வாதாடும்போது, பாவம், அவர் இல்லாத ஒரு கோட்டுக்காகத்தான் வாதாடுகிறார். சட்டம் எழுதுபவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் வாக்குரிமைக்கு '18 வயதுக்கு மேற்பட்டவர்' என்று எழுதாமல் '18 வயதுக்குக் குறையாதவர்' என்று எழுதுகிறார்கள்.

இந்தக் குறிகளுக்கு வயது அதிகமில்லை. சமக்குறியான = என்பதை 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற வேல்ஸ்காரர் தன் நூலில் அறிமுகப்படுத்தினார். <, > இரண்டும் அச்சில் வந்தது 1631-இல், தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயரின் இயற்கணித நூலில். ஹாரியட் இறந்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போன காகிதங்களிலிருந்து அந்தப் புத்தகத்தை மற்றவர்கள்தான் தொகுத்தார்கள். கோடு சேர்ந்த குறி இன்னும் தாமதம். 1734-இல் பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர் குறிக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு எழுதினார்.

குறிதான் புதுசு, யோசனை பழசு. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளும் வெளியும் 96 பக்க உருவங்களை வரைந்து, பையின் மதிப்பு 3 1/7-ஐவிடச் சிறியது, 3 10/71-ஐவிடப் பெரியது என்று நிறுவினார். பள்ளியில் நாம் பை = 22/7 என்று உருப்போடுகிறோமே, அந்த 22/7 பையின் மதிப்பே அல்ல. ஆர்க்கிமிடீஸ் கட்டிய வேலியின் மேல்புறக் கம்பம். வேலியை விட்டுவிட்டுக் கம்பத்தை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டோம்.

சரி, கணக்குக்கு வருவோம். எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் ஒரு தகடு இருக்கிறது: 6 நபர்கள், 408 கிலோ. ஆளுக்கு 68 கிலோ என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் கேன் போடும் பையன் தினமும் அதில்தான் ஏறுகிறான். அவன் எடை 60 கிலோ, நிறைந்த 20 லிட்டர் கேன் ஒன்று சுமார் 21 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரே நடையில் எத்தனை கேன் ஏற்றலாம்? கேனுக்கு 'க'. 60 + 21க ≤ 408. அறுபதைக் கழித்தால் 21க ≤ 348. வகுத்தால் க ≤ 16.57.

இங்கே பள்ளிப் பழக்கம் ஒன்று குறுக்கே வந்து நிற்கும். 0.5-க்கு மேல் வந்தால் அடுத்த முழு எண்ணாக்கு என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், ஆகவே 17. பதினேழு கேன் ஏற்றினால் எடை 417. லிஃப்ட் கத்தும், கதவு மூடாது. விடை 16தான். 16.99 வந்திருந்தாலும் 16தான். மேல் எல்லை வைத்த கணக்கில் புள்ளிக்குப் பின்னால் வருவதைத் தயங்காமல் வெட்ட வேண்டும்.

இதையெல்லாம் விளக்கி முடித்தபோது அண்ணன் மகள் கேட்டாள்: "பதினாறு கேன் வெச்சா அந்த அண்ணா எங்க சித்தப்பா நிப்பாங்க?" நியாயமான கேள்வி. எடைக்கு ஒரு சமனிலி போட்டேன், இடத்துக்குப் போடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொருவர் இதே தவறைச் செய்யப்போகிறார்.

கீழ் எல்லைக் கணக்கில் வெட்டக் கூடாது, ஏற்ற வேண்டும். இதற்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான சாட்சி உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அங்கே நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கேள்வி: ராணுவப் பேருந்து ஒன்றில் 36 வீரர்கள் போகலாம், 1,128 வீரர்களைக் கொண்டுபோக எத்தனை பேருந்து வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகத்தான் செய்தார்கள்: ஈவு 31, மீதி 12. ஆனால் 32 பேருந்து என்று எழுதியவர்கள் நாலில் ஒரு பங்குகூட இல்லை. 29 சதவீதம் பேர் '31 மீதி 12' என்றே எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். 'மீதி 12' என்று ஒரு பேருந்தை எந்த டிப்போவில் கேட்பது? சிலர் வெறும் 31 என்று எழுதினார்கள். பன்னிரண்டு வீரர்கள் ரோட்டில் நின்றார்கள். கணக்கு 36ப ≥ 1128. ப என்பது 31.33-க்குக் குறையக் கூடாது, முழு எண்ணாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையைக் கேள்வி வாய்விட்டுச் சொல்லவில்லை. பேருந்தைப் பார்த்திருப்பவர்களுக்கு அதைச் சொல்லவும் தேவையில்லை.

அடுத்தது, எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் அந்த விதி: இருபுறமும் குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்பிக்கொள்ளும். ஏன் திரும்புகிறது? கையில் மூன்று ரூபாய் வைத்திருப்பவன் இரண்டு ரூபாய் வைத்திருப்பவனைவிடப் பணக்காரன். அதுவே மூன்று ரூபாய் கடன், இரண்டு ரூபாய் கடன் என்றால்? பெரிய கடன்காரன்தான் ஏழை. 3 > 2, ஆனால் −3 < −2. இருப்பைக் கடனாக மாற்றியதும் வரிசை தலைகீழாகிவிட்டது, அவ்வளவுதான்.

மொட்டைமாடித் தொட்டியில் 1,000 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. வீட்டில் மணிக்கு 40 லிட்டர் செலவாகிறது. எப்போதும் 200 லிட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது வீட்டம்மாவின் உத்தரவு. மோட்டார் போடாமல் எத்தனை மணி நேரம் ஓட்டலாம்? 1000 − 40ம ≥ 200. ஆயிரத்தை அந்தப் பக்கம் தள்ளினால் −40ம ≥ −800. இப்போது −40-ஆல் வகுக்கும்போது குறி திரும்பி, ம ≤ 20. திருப்ப மறந்தவருக்கு ம ≥ 20 வரும். அதாவது இருபது மணி நேரத்துக்கு அப்புறம்தான் தொட்டியில் தண்ணீர் நிறைய இருக்கும் என்று ஆகும். விதி மறந்துவிட்டால் பரவாயில்லை, 40ம-ஐ வலது பக்கம் கொண்டுபோங்கள்: 800 ≥ 40ம. கழித்தல் குறியைத் தொடாமலே அதே விடை.

இரண்டு கட்டணங்களை ஒப்பிடுவதும் இதே சாதிதான். ஒரு வாடகைக் கார்க்காரர் 1,200 ரூபாயும் கிலோமீட்டருக்கு 12 ரூபாயும் கேட்கிறார். இன்னொருவர் 500 ரூபாயும் கிலோமீட்டருக்கு 16-ம். முதலாமவர் மலிவாக வேண்டுமானால் 1200 + 12தூ < 500 + 16தூ. அதாவது 700 < 4தூ, தூரம் 175-ஐத் தாண்ட வேண்டும். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போய்த் திரும்ப இரண்டாமவர், திருவண்ணாமலை என்றால் முதலாமவர். யார் மலிவு என்ற கேள்விக்கு ஒரு பெயர் விடையாகாது.

இதுவரை பார்த்தவை எல்லாம் ஒற்றைச் சமனிலி. பல சமனிலிகள் ஒன்றாகக் கூடினால்தான் வேடிக்கை. 1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் ஒரு கணக்கை வெளியிட்டார். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்குக் கலோரி, புரதம், கால்சியம், வைட்டமின்கள் என ஒன்பது சத்துகள் ஒவ்வொன்றும் இன்ன அளவுக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும். கையில் இருப்பது 77 உணவுப் பொருட்களின் பட்டியலும் 1939-ஆம் ஆண்டு விலையும். மிக மலிவான சாப்பாடு எது? ஒன்பது 'குறைந்தது', 77 தெரியாத அளவுகள். அதைத் தீர்க்க அப்போது முறையான வழி எதுவும் இல்லை. ஸ்டிக்ளர் சாமர்த்தியமாகப் பொருட்களைக் கழித்துக் கழித்து, வருடத்துக்கு 39.93 டாலர் என்று ஒரு விடைக்கு வந்தார். மெனு இதுதான்: கோதுமை மாவு, ஆவியாக்கிக் கெட்டியாக்கிய பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த பீன்ஸ். வருடம் முழுக்க.

இரண்டு வருடம் கழித்து, 1947-இல், ஜார்ஜ் டான்ட்சிக் என்ற கணிதவியலாளர் இப்படிப்பட்ட சமனிலிக் கூட்டங்களைத் தீர்க்கச் சிம்ப்ளெக்ஸ் என்ற முறையைக் கண்டுபிடித்தார். அதைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டது ஸ்டிக்ளரின் சாப்பாட்டுக் கணக்கைத்தான். மேசைக் கணிப்பான்களைச் சுழற்றிக்கொண்டு ஒன்பது பேர், மொத்தம் சுமார் 120 ஆள்-நாள் உழைத்துக் கண்ட விடை 39.69 டாலர். ஸ்டிக்ளரின் உத்தேசம் 24 சென்ட்தான் பிசகியிருந்தது.

1950-களில் டான்ட்சிக்கிடம் எடையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். மனிதர் சும்மா இருப்பாரா? கலோரிக்கு மேல் எல்லை, சத்துகளுக்குக் கீழ் எல்லை, வயிறு நிறைந்த உணர்வு மட்டும் முடிந்தவரை அதிகம் என்று கணினியில் ஏற்றினார். நீரைக் கழித்த பிறகு மிஞ்சும் எடைதான் வயிற்றை நிறைக்கும் என்பது அவர் கணக்கு. கணினி சொன்ன உணவில் தினசரி 500 கேலன் வினிகர் இருந்தது, கிட்டத்தட்ட 1,900 லிட்டர். பட்டியலில் வினிகருக்கு நீர் பூஜ்யம் என்று போட்டிருந்ததுதான் காரணம். வினிகரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால், நாளைக்கு 200 சூப் கட்டிகள். அவர் சில கட்டிகளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துப் பார்த்தார், கடல் தண்ணீர். உப்புக்கு மேல் எல்லை வைக்க மறந்திருந்தார், சத்துப் பட்டியலில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. கட்டிகள் மூன்றுக்கு மிகாமல் என்று ஒரு சமனிலி சேர்த்தார். கணினி உடனே இரண்டு பவுண்டு தவிட்டுக்குத் தாவியது. தவிட்டைக் கட்டுப்படுத்தினால் வெல்லப்பாகு.

கடைசியில் அவர் மனைவி ஆன், இனி சாப்பாட்டை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். டான்ட்சிக்கின் எடை 22 பவுண்டு குறைந்தது.