மூட்டையை எண்ணினோம், வண்டியை எண்ணவில்லை

"உனக்கு உடம்பெல்லாம் கொழுப்பு" என்று நம் வீடுகளில் திட்டுவதுண்டு. திமிருக்கும் கொழுப்புக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். என் தந்தையாரை யாரும் அப்படித் திட்ட முடியாது. காய்கறிச் சந்தையில் முப்பது ஆண்டுகளாக மூட்டை சுமக்கும் தொழிலாளி அவர். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். ஆனால் எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை வியாதி உண்டு.

2023ஆம் ஆண்டில் ஓர் ஆய்வகத்தில் அவருக்கு இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மொத்தக் கொலஸ்டிரால் 193 என்று தாளில் இருந்தது. 200க்குக் கீழே என்றால் நார்மல் என்றார்கள். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. எங்கள் வீட்டில் அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் அந்த ஒரு வரியைத்தான் படித்தேன். தாளை மடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் செருகி வைத்தோம். மூன்றாம் மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது.

அரசு மருத்துவமனையில் பிழைத்து எழுந்தார். இவ்வாண்டு உடற்செயலியல் பாடம் படிக்கையில்தான் அந்தப் பழைய தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அதில் அச்சான எண்கள் எவையும் பொய்யல்ல. சொல்ல வேண்டியது அதிலேயே இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை. அதைச் சக மாணவர்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

ரசத்தில் தாளித்த எண்ணெய் மேலே மிதப்பதை நாம் அறிவோம். கொழுப்பு நீரில் கரையாது. இரத்தமோ பெரும்பகுதி நீர். அப்படியானால் கொழுப்பு உடலெங்கும் பயணம் செய்வது எவ்வாறு? உடல் அதற்கென வண்டிகளைக் கட்டிக் கொள்கிறது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பையும் கொலஸ்டிராலையும் நடுவில் பொதிந்து, நீரோடு ஒட்டி உறவாடக்கூடிய பாஸ்போலிப்பிடுகளை மேலே போர்த்தி, புரதத்தால் இறுக்கிக் கட்டிய நுண்ணிய உருண்டைகள் இவை. இவற்றையே கொழுப்புப்புரதங்கள் என்கிறோம். ஆக, கொலஸ்டிரால் என்பது சரக்கு. கொழுப்புப்புரதம் என்பது வண்டி. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக் கொண்டால் மற்றவை எளிது.

இவ்வண்டிகளை இனம் பிரித்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜான் காஃப்மன். பெர்க்லி நகரில் மிகுவேகச் சுழற்பொறியில் இரத்தநீரைச் சுழற்றி, அடர்த்திக்கேற்ப அவற்றைப் பிரித்தார். மொத்தக் கொலஸ்டிராலை மட்டும் பார்ப்பது போதாது, அதைச் சுமக்கும் துகள்களைப் பார்க்க வேண்டும் என்று 1950ஆம் ஆண்டிலேயே எழுதினார். எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல ஆய்வகத் தாள்களில் மொத்தக் கொலஸ்டிரால்தான் முதல் வரியில் அமர்ந்திருக்கிறது.

கல்லீரலிலிருந்து புறப்படும் பெரிய வண்டிக்கு வி.எல்.டி.எல். என்று பெயர். அது வழிநெடுகத் தசைகளுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும் டிரைகிளிசரைடை இறக்கிக் கொண்டே போகிறது. சரக்கு இறங்க இறங்கச் சிறுத்து, முடிவில் எல்.டி.எல். ஆகிறது. இந்த வண்டி ஒவ்வொன்றிலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரு வண்டிக்கு ஓர் ஓட்டுநர்! ஓட்டுநர்களை எண்ணினால் வண்டிகளை எண்ணியதாகும். அப்போ-பி சோதனை என்று ஒன்று உண்டு. அதன் உட்பொருள் இவ்வளவுதான்.

வேலை முடிந்த எல்.டி.எல்.லைக் கல்லீரல் திரும்ப அழைத்துக் கொள்ள வேண்டும். அதற்கான ஏற்பிகளைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பிறவியிலேயே இந்த ஏற்பிகள் இல்லாத குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு வருவதுண்டு. வண்டிகள் திரும்பாமல் சாலையிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அக்குழந்தைகளே சாட்சி.

நின்றுவிட்ட வண்டிகள் தமனியின் உட்சுவருக்குள் நுழைந்து சிக்கிக் கொள்கின்றன. அங்கே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவற்றை அந்நியப் பொருளெனக் கருதி வெள்ளையணுக்களின் வகையைச் சேர்ந்த விழுங்கு செல்கள் வந்து விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி நுரை போல் ஊதி அங்கேயே மடிகின்றன. இவ்வாறு பல ஆண்டுகள் சேரும் படிவு ஒரு நாள் வெடிக்க, அதன்மேல் இரத்தம் உறைந்து இருதயத் தசைக்குச் செல்லும் பாதையை அடைக்கிறது. மாரடைப்பு ஒரு நிமிடத்தில் வருவது போல் தோன்றும். உண்மையில் அது இருபது, முப்பது ஆண்டு வேலை.

இனிச் சர்க்கரை வியாதிக்கு வருவோம். இது இரத்தத்தில் சர்க்கரை மிகும் நோய் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். இது கொழுப்பின் நோயும்தான். கொழுப்புத் திசுவில் உள்ள கொழுப்பை வெளியே விடாமல் பூட்டி வைப்பது இன்சுலினின் பணிகளுள் ஒன்று. இன்சுலினின் சொல் எடுபடாதபோது பூட்டுத் திறந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் பாய்கின்றன. கல்லீரல் அவற்றைக் கொண்டு வி.எல்.டி.எல். வண்டிகளை மேலும் மேலும் கட்டி அனுப்புகிறது. டிரைகிளிசரைடு ஏறுகிறது.

அடுத்து நடப்பதுதான் விந்தை. வழியிலேயே மூட்டை மாற்று நடக்கிறது. வி.எல்.டி.எல். தன் டிரைகிளிசரைடைக் கொடுத்து, எல்.டி.எல்.லிடமிருந்தும் எச்.டி.எல்.லிடமிருந்தும் கொலஸ்டிராலை வாங்கிக் கொள்கிறது. டிரைகிளிசரைடு ஏறிய எல்.டி.எல்.லை நொதி ஒன்று செதுக்கிச் சிறிதாக்கி விடுகிறது. சிறுத்த எச்.டி.எல். விரைவில் அழிந்து எண்ணிக்கை குறைகிறது. முடிவில், ஒவ்வொரு எல்.டி.எல். வண்டியிலும் சரக்குக் குறைவு, வண்டிகளோ மிகுதி. சரக்கை மட்டும் நிறுத்துப் பார்ப்பவருக்கு எல்லாம் இயல்பாகத் தோன்றும்.

அப்பாவிடம் இதை விளக்கப் போனேன். நூறு மூட்டையைப் பத்து லாரியிலும் ஏற்றலாம், ஐம்பது 'குட்டி யானை'யிலும் ஏற்றலாம் என்று நான் தொடங்குமுன்பே அவர் முடித்துவிட்டார். "லாரி பஜார் முனையோட நின்னுரும்மா. குட்டி யானைதான் சந்துக்குள்ள எல்லாம் பூந்து அடைச்சுக்கும்." பாட நூலின் இரண்டு பக்கங்களை அவர் ஒரு மூச்சில் சொன்னது கண்டு எனக்குச் சற்று வெட்கமாகக்கூட இருந்தது.

அந்தத் தாளுக்கு வருகிறேன். மொத்தம் 193, எச்.டி.எல். 31, டிரைகிளிசரைடு 290, எல்.டி.எல். 104. இந்த 104 நேரடியாக அளக்கப்பட்டதன்று. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் பெற்ற கணக்கு. 1972ஆம் ஆண்டில் ஃபிரீட்வால்டு என்பவர் தந்த சூத்திரம். அதை விட்டுவிட்டு, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள். 193 கழித்தல் 31, விடை 162. தமனிச் சுவரில் புகக்கூடிய வண்டிகள் சுமக்கும் கொலஸ்டிரால் அனைத்தும் இந்த எண்ணில் அடக்கம். சர்க்கரை உள்ளவருக்கு இது 130க்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது தாராளமான அளவு. பலருக்கு 100 என்றே இன்று சொல்கிறார்கள். இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கு, காலணாச் செலவில்லை. அதை அன்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை, நான் உட்பட. அப்பா பீடி குடிப்பவர், அதுவும் ஒரு காரணமே, மறைக்கவில்லை.

எச்.டி.எல்.லை 'நல்ல கொலஸ்டிரால்' என்கிறார்களே, அதை ஏற்றிவிட்டால் போதாதா என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். விஞ்ஞானிகளும் அப்படித்தான் எண்ணினார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை வெகுவாக உயர்த்தியது. ஏறத்தாழ 15,000 பேரிடம் நடந்த சோதனையில் மருந்துண்டவர்களிடையே சாவு கூடியதால் 2006ஆம் ஆண்டில் அதை நிறுத்திவிட்டார்கள். எச்.டி.எல். குறைந்திருப்பது ஆபத்தின் அடையாளம்; ஆனால் அடையாளத்தை மாற்றினால் ஆபத்து மாறிவிடாது போலும்.

பயன் தந்தது வேறொரு வழி. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைத் தேடி, கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளை 1973ஆம் ஆண்டில் கண்டார். அந்த வழியில் வந்தவையே ஸ்டாட்டின் மாத்திரைகள். உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் ஏற்பிகளைப் பெருக்கி, வண்டிகளைத் திரும்ப இழுத்துக் கொள்கிறது. சர்க்கரை உள்ள, ஆனால் எல்.டி.எல். பெரிதாக ஏறாத 2,838 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நாள்தோறும் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் உண்டவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 விழுக்காடு குறைந்திருந்தன. 'நார்மல்' என்று தாள் சொன்னவர்களிடம்தான் இந்தப் பலன்!

இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளோர் சுமார் 10.1 கோடி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023ஆம் ஆண்டில் கணக்கிட்டது. இக்கல்லூரியில் வீட்டுக்கு முதல் பட்டதாரியாக வந்திருப்போர் பலர். நம் பெற்றோர் சோதனைத் தாளை மடித்து எங்கோ செருகி வைத்திருப்பார்கள். இன்று மாலையே எடுத்து அந்த இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள். விடை மிகுதியாயிருந்தால் மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்பா பீடியை விட்டுவிட்டார். இரவில் சோற்றைப் பாதியாக்கிச் சுண்டல் சாப்பிடுகிறார், மாத்திரையையும் தவறவிடுவதில்லை. சென்ற மாதம் புதுத் தாள் வந்தது. என்னை எதிர்பார்க்காமல் பென்சிலை எடுத்து, தாளின் ஓரத்தில் அவரே கணக்குப் போட்டிருந்தார். 148 கழித்தல் 34. "114 வருது. டாக்டர் நூறுன்னாரு. இன்னும் பதினாலு வண்டி இருக்கும்மா" என்றார். எண்ணுவது வண்டியல்ல, மில்லிகிராம் என்று திருத்த வாயெடுத்தேன், திருத்தவில்லை.