தகவல் துளி: வில் வாங்கப் போகிறீர்களா?

கேரளத்தின் பொன்முடி மலைக்கு 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறவர்களின் கண்ணில் மிளாமான் படலாம். இந்த மலைக்காடுகளின் பழங்குடியினரான காணிக்காரர்கள் முன்பு வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடியவர்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று இங்கே மானை வேட்டையாடுவது குற்றம். அமெரிக்காவில் உரிமம் பெற்று, பருவகாலத்தில் வெள்ளைவால் மானை வில்லால் வேட்டையாடலாம். அதைப் பார்த்து வில்மேல் ஆசை வந்தால், நமக்கு இலக்குப் பலகை இருக்கிறது. ஒலிம்பிக் வீரர்கள் 70 மீட்டர் தொலைவிலிருந்து எய்வதும் அதைத்தான்.

வில் வாங்குமுன் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அங்குலத்தில் அளந்து 2.5-ஆல் வகுங்கள். 65 அங்குலம் என்றால் 26. நாணை நீங்கள் இழுக்க வேண்டிய நீளம் ஏறத்தாழ அதுதான். அம்பு அதைவிட ஓரிரு அங்குலம் நீண்டிருக்கட்டும். குட்டையான அம்பு கையைக் குத்திவிடக்கூடும். பெரியவர்களும் 20 பவுண்டு அளவு இழுவிசையில் தொடங்குவதே நல்லது. கனமான வில்லோடு மல்லுக்கட்டினால் தோள்பட்டைதான் கெடும். இன்னொன்று: அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பி, அதை உடைத்துவிடக்கூடும்.