பயிற்சிக்கென அமர்ந்த முகம்

ஓவியம் பயில்வோர் பயிற்சிக்காக எழுதும் படங்களுக்குப் பெரும்பாலும் நீண்ட ஆயுள் வாய்ப்பதில்லை. ஒருவரை எதிரே இருத்தி, அவர் நெற்றியையும் மூக்கையும் கன்னத்து நிழலையும் நோக்கி நோக்கித் தைலவர்ணத்தில் எழுதுவர். எழுதி முடிந்ததும் வர்ணத்தைச் சுரண்டிவிட்டு, அதே கித்தானில் மறுநாள் வேறொரு முகத்தை எழுதுவர். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொன்னால் நம் மாணாக்கர் பாடும் வெண்பாக்களும் இத்தகையனவே. யாப்புக் கைவந்ததும் ஏட்டைக் கிழித்துவிடுவர். கிழிக்காமற் பேணி வைப்பவரைக் கண்டுதான் ஆசிரியர் அஞ்சவேண்டியிருக்கிறது. ஆயினும், பயிற்சிக்கென எழுதிய முகமொன்று, எந்தப் பெரும்படத்துக்கு முன்னோடியாக எழுதப்பட்டதோ அந்தப் படத்தோடு ஒப்ப வைத்து எண்ணப்படும் நிலையை அடைந்த வரலாறும் உண்டு. 1650ஆம் ஆண்டில் உரோமாபுரியில் நிகழ்ந்தது அது. எழுதியவர் ஸ்பெயின் மன்னரின் அரண்மனை ஓவியர் தியேகோ வெலாஸ்குவெஸ். எதிரே நின்றவர் அவருக்கு அடிமையாயிருந்த ஹுவான் தெ பரேஹா.

வெலாஸ்குவெஸ் 1599இல் தென் ஸ்பெயினிலுள்ள செவில்லா நகரிற் பிறந்தவர். இளமையிலேயே பிரான்சிஸ்கோ பச்சேக்கோ என்னும் ஓவியரிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். 1617இல் தேர்வில் வென்று தனித்துத் தொழில் செய்யும் உரிமை பெற்றார். அடுத்த ஆண்டில் ஆசிரியரின் மகளையே மணந்தார். பச்சேக்கோ ஓவியர் என்ற அளவில் நடுத்தரமானவர். ஆசிரியர் என்ற அளவில் அவ்வாறு சொல்ல இயலாது. மாணாக்கன் தம்மை விஞ்சுதல் தமக்கு இழிவன்று என எழுதிவைத்த ஆசிரியர் எத்தனை பேர்? அவர் மறைந்தபின் 1649இல் அச்சேறிய அவருடைய ஓவிய நூலில் ஒரு சிறு செய்தி காணப்படுகின்றது. இளைஞர் வெலாஸ்குவெஸ் ஒரு பட்டிக்காட்டுச் சிறுவனுக்கு ஏதோ கைக்கூலி கொடுத்துத் தம்மிடம் வைத்திருந்தாராம். அச்சிறுவன் சிலவேளை அழவேண்டும், சிலவேளை சிரிக்கவேண்டும், பலவாறு முகத்தை மாற்றிக்காட்ட வேண்டும். அவனைப் பார்த்து நீலத்தாளிற் கரிக்கோலால் வரைந்து, ஒளிபடும் இடங்களில் வெண்மை தீட்டிப் பல தலைகளை எழுதிப் பழகினார் என்றும், முகத்தை உள்ளவாறு எழுதும் திறம் அவருக்கு இவ்வாறே கைவந்ததென்றும் மாமனார் கூறுகிறார்.

அச்சிறுவனின் பெயர் எழுதப்படவில்லை. எடின்பரோவிலுள்ள ‘முட்டை பொரிக்கும் மூதாட்டி’ என்னும் படம் 1618இல் எழுதப்பட்டது. இலண்டனிலுள்ள ‘செவில்லாவின் தண்ணீர் விற்பவர்’ அதற்குச் சிறிது பிற்பட்டது. இரண்டிலும் வரும் சிறுவன் ஒருவனே எனக் கருதுவர். அந்த மூதாட்டியின் முகமோ, மார்த்தா மரியாள் வீட்டில் இயேசு இருந்த நிகழ்ச்சியைக் காட்டும் படத்திலும் திரும்ப வருகின்றது. ஓவியரின் அண்டை அயலில் வாழ்ந்த எளிய மாந்தர்போலும் இவர்கள். நானூறாண்டு கழிந்தும் அவர்தம் முகச் சுருக்கங்களை நாம் எண்ணலாம். அவர்களை இன்னார் என அழைக்க மட்டும் வழியில்லை.

உயிருள்ள ஒருவரைப் பார்த்து எழுதுவதில் அப்படி என்ன அருமை என்று வினவுவோர் உளர். சுதைச்சிலையைப் பார்த்து எழுதலாம், அது களைப்பதில்லை. மனிதரோ கால்மணி நேரம் கழிவதற்குள் தோளைத் தளர்த்துவர்; மோவாய் தாழும்; கண்ணில் முதலில் இருந்த ஒளி மங்கி, மனம் வீட்டுக் கவலைக்குப் போய்விடும். ஆதலால் ஓவியச்சாலைகளில் சிறிது நேரத்துக்கொருமுறை இளைப்பாற விடுவர். திரும்பி வந்து பழைய நிலையிலேயே இருக்கவேண்டி, நாற்காலிக் கால்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியாற் கோடிட்டு வைப்பர். ஐரோப்பாவில் ஓவியச்சாலைக்கு வடக்கு நோக்கிய சாளரத்தையே விரும்புவர்; அவ்வழியே நேர்வெயில் புகாது, நிழலும் விரைந்து இடம் பெயராது. ஆளிவிதை எண்ணெயிற் குழைத்த வர்ணம் மெல்லவே உலர்வது. ஈரமாயிருக்கும்போதே ஒரு நிறத்தின் ஓரத்தை அடுத்த நிறத்தோடு இழைக்கலாம். பிழைபட்டால் சுரண்டி மீண்டும் எழுதலாம். பயில்வோனுக்குச் சொல்லப்படும் முதற்பாடம், கண்ணைப் பாதி மூடிப் பார் என்பது. அப்போது இமைமயிரும் தழும்பும் மறைந்து, ஒளியும் இருளுமாகிய பெரும்பகுப்புகள் மட்டும் நிற்கும். அவற்றை முதலில் வைத்த பின்னரே கண்ணுக்கும் வாய்க்கும் வரவேண்டும். அவசரக்காரரோ கண்ணின் கருமணியில் தொடங்குவர். மாலையில் அக்கண் மிக அழகாக, இருக்கவேண்டிய இடத்துக்கு அரை அங்குலம் தள்ளி இருக்கும்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். மேனி நிறம் என்று ஒரே நிறம் கிடையாது. நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு வேறொன்று. வெளுத்த முகங்களையே எழுதிப் பழகியவர் கறுத்த முகத்தின்முன் வந்தால், வழக்கமாகக் கலக்கும் கலவை உதவாது. கரிய மேனியில் ஒளி வீழும் இடம் சாளரத்து வானின் நிறத்தைச் சற்றே ஏற்று நீலம் பாய்ந்து தோன்றும். நிழலிலோ செம்மை ஒளிந்திருக்கும். நம்மவர் முகத்தை எழுத முயன்றோர் இதனை நன்கறிவர்.

1649இல் வெலாஸ்குவெஸ் இரண்டாம் முறையாக இத்தாலி சென்றார். மன்னர் நான்காம் பிலிப்பின் அரண்மனைக்குச் சிறந்த ஓவியங்களையும் சிலைகளையும் திரட்டுவதே அப்பயணத்தின் நோக்கம். பரேஹாவும் உடன் சென்றார். உரோமாபுரியில் பாப்பரசர் பத்தாம் இன்னோசென்டின் உருவத்தை எழுதும் பேறு ஓவியருக்குக் கிட்டியது. பிரயாணத்திலும் பேரம் பேசுவதிலும் மாதங்கள் கழிந்திருந்தன. பாப்பரசர் பட்டிக்காட்டுச் சிறுவனல்லர்; வேண்டும்போது அழவும் சிரிக்கவும் சொல்ல இயலாது; நெடுநேரம் இருக்குமாறு வேண்டவும் இயலாது. எனவே, முதலில் உயிருள்ள ஒரு தலையை எழுதிக் கையைப் பழக்க விரும்பினார் என்று, 1724இல் ஸ்பானிய ஓவியர் வரலாறுகளை வெளியிட்ட பலோமினோ எழுதுகிறார். அத்தலைக்குத் தேடிப் போகவேண்டியதில்லை. வர்ணம் அரைத்து, கித்தான் பதம் செய்து, எந்நேரமும் அருகில் நிற்பவர் ஒருவர் இருந்தார்.

(பரேஹாவை ‘அவன்’ என்று எழுதுவதே பழைய முறைக்குப் பொருந்தும் என்பார் இருக்கலாம். அப்படத்தைப் பார்த்தபின் என் கை அவ்வாறு எழுத இசையவில்லை.)

படம் பெரிதன்று; ஏறக்குறைய 81 சென்றிமீற்றர் உயரமும் 70 சென்றிமீற்றர் அகலமும் உடையது. பின்புலம் வெறும் சாம்பல் நிறம். ஆடையும் அதனோடு இயைந்த மங்கல் நிறமே. ஒரு கை மார்பின்கீழ் மடிந்து மேலாடையைப் பற்றியிருக்கிறது. அகன்ற வெண்கழுத்துப் பட்டியின் பின்னல் வேலையை அணுகிப் பார்த்தால் தாறுமாறான தூரிகைத் தடங்களே தெரியும். நாலடி பின்வாங்கினால் அவை நூற்பின்னலாக மாறிவிடும். வெலாஸ்குவெஸ் தொலைவில் நின்று எழுதுதற்கு நீண்ட காம்புள்ள தூரிகைகளைக் கையாண்டார் என்பதும் பலோமினோ தரும் செய்தியே. நெற்றியில் ஒளி விழுகின்றது. கண்கள் நேரே நம்மை நோக்குகின்றன. அந்நோக்கில் கெஞ்சுதலும் இல்லை, மிடுக்கும் இல்லை. ஏவலுக்குக் காத்து நிற்பவரின் பார்வையென்றும் சொல்லமுடியாது. ஒருவர் தம்மைப் பார்ப்பதை அவர் திருப்பிப் பார்க்கிறார். அடிமை என்ற சொல்லை முன்னரே அறியாதவர் இப்படத்திலிருந்து அதனைக் கண்டுபிடிக்கமாட்டார்.

படம் முடிந்ததும் அதனைப் பரேஹாவின் கையிலேயே கொடுத்து நண்பர் சிலரிடம் அனுப்பினாராம் ஓவியர். அவர்கள் படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்து, யாரோடு பேசுவது, யாரிடமிருந்து விடை வரும் என்று தெரியாமல் மயங்கினர் என்பது கதை. 1650 மார்ச் 19ஆம் நாள், சூசையப்பர் திருநாளன்று, இரபாயேல் அடக்கம்பெற்ற பாந்தியன் ஆலயத்தில் இப்படம் மக்கள் காண வைக்கப்பட்டது. மற்றவை யாவும் ஓவியமாகத் தோன்ற, இஃதொன்று மட்டும் உண்மையாகத் தோன்றியதெனப் பல தேசத்து ஓவியரும் ஒப்புக்கொண்டனராம். தண்டியலங்காரம் பொருளணிகளுள் தன்மையணியை முதலில் வைத்ததன் காரணத்தை வகுப்பில் விளக்கத் தடுமாறும்போது எனக்கு இந்நிகழ்ச்சி நினைவுக்கு வருவதுண்டு. அடுத்து எழுதப்பட்ட பாப்பரசர் படம் இன்றும் உரோமாபுரியில் தோரியா பம்பிலி மாளிகையில் உள்ளது. செம்பட்டும் வெண்பின்னலும் ஒளிரும் அப்படத்தை உலகின் தலையாய உருவப்படங்களுள் ஒன்றாகக் கொள்வர். பயிற்சி வீண்போகவில்லை.

ஆனால் ஒரு வினா எஞ்சுகிறது. அந்த நாட்களில் அசையாதே என்று சொன்னவரிடம், மாட்டேன் என்று சொல்லும் உரிமை பரேஹாவுக்கு இருந்ததா? செவில்லாச் சிறுவனுக்காவது கைக்கூலி கிடைத்தது. பரேஹாவின் நேரம் விலை கொடாமற் கிடைத்தது. முன்பே ஆளுக்கு விலை கொடுத்தாயிற்று அன்றோ!

பலோமினோ இங்கே இனிய கதையொன்று சொல்கிறார். அடிமை தூரிகை தொடுவது கலைக்கு இழுக்கு என்று தலைவர் தடுத்திருந்தாராம். பரேஹா இரவிலும் மறைவிலும் எழுதிப் பழகி, தம் படமொன்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். ஓவியச்சாலைக்கு வந்த மன்னர் அதனைத் திருப்பச் செய்து வியந்து, இத்தகைய திறமையுடையவர் அடிமையாயிருத்தல் தகாது என்று கூறவே, விடுதலை கிடைத்தது என்பது அக்கதை. நாடகமாக நடிக்கத்தக்கது, ஆனால் நடந்தது வேறு. விடுதலைப் பத்திரம் உரோமாபுரி ஆவணக் களரியிலேயே கிடந்தது. கலை வரலாற்றறிஞர் ஜெனிபர் மொண்டேகு அதனைக் கண்டு 1983இல் வெளியிட்டார். 1650 நவம்பர் 23ஆம் திகதி எழுதப்பட்ட பத்திரம் அது. மன்னர் அங்கே இல்லை. வெலாஸ்குவெஸ் தாமே விடுதலை அளிக்கிறார். ஆனால் அது நான்கு ஆண்டு கழிந்தே நடைமுறைக்கு வரும். அதற்கிடையில் ஓடிப்போதலும் குற்றம் புரிதலும் ஆகா என்பது நிபந்தனை.

பாந்தியனில் உரோமாபுரியே வியந்து நின்றது மார்ச்சில். பத்திரம் பிறந்தது நவம்பரில். ஒன்றுக்கு மற்றொன்று காரணமென்று பத்திரம் கூறவில்லை. நாமும் அதனை இட்டுக்கட்ட வேண்டாம். ஆனால் ஒரு முகத்தை அப்படி உற்று நோக்கிய ஒருவர், அதன்பின்னும் நான்கு ஆண்டைக் கணக்கிட்டு வாங்கிக்கொண்டாரே என்பதை என்னாற் கடந்துபோக முடியவில்லை. அவரைப் பெருங்கலைஞர் என்று போற்றும் அதே வாயால் இதனையும் சொல்லவேண்டும்.

விடுதலை பெற்ற பரேஹா மத்ரீத் நகரில் ஓவியராக வாழ்ந்து 1670ஆம் ஆண்டளவில் மறைந்தார். கட்டடக் கலைஞர் ஹொசே ரத்தேசைத் தம்முன் இருத்தி அவர் எழுதிய உருவப்படம் வலென்சியாவில் உள்ளது. நெடுங்காலம் உலகம் அவரை வெலாஸ்குவெஸ் எழுதிய முகமாகவே அறிந்திருந்தது. 1970இல் இலண்டன் ஏலத்தில் அம்முகம் இருபத்துமூன்று இலட்சம் பவுணுக்கு மேல் விலைபோயிற்று. அதற்குமுன் எந்த ஓவியமும் ஏலத்தில் பத்து இலட்சம் பவுணை எட்டியதில்லை. இப்போது அது நியூயோர்க் மெத்ரோப்பொலித்தன் நூதனசாலையில் உள்ளது. பரேஹாவை ஓவியராகத் தேடிச் சென்றவருள் முதன்மையானவர், கறுப்பின மக்களின் வரலாற்றைத் திரட்டிய ஆர்துரோ ஷோம்பர்க். 1926இல் அவர் ஸ்பெயினுக்குச் சென்று, பரேஹா எழுதிய ‘மத்தேயுவின் அழைப்பு’ என்னும் பெரும்படத்தை நேரிற் கண்டார். பரேஹாவின் படங்களைத் திரட்டி அந்த நியூயோர்க் நூதனசாலை கண்காட்சி நடத்தியது 2023இல்தான்.

‘மத்தேயுவின் அழைப்பு’ மூன்று மீற்றருக்கு மேல் அகலமுடையது. மத்ரீத்தில் பிராதோ நூதனசாலைக்குரியது. ஆயக்காரர் மத்தேயுவின் மேசையைச் சூழ்ந்து பலர் உளர். இடக்கோடியில் நின்று நம்மை நோக்குபவர் பரேஹா. வெலாஸ்குவெஸ் எழுதிய முகத்தோடு ஒப்பிட்டால் மேனி சற்று வெளுத்தும் மூக்கு கூர்ந்தும் இருப்பதை அறிஞர் சுட்டுவர். அக்கால ஸ்பெயினில் கறுத்த நிறத்தோடு எந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதை அறிந்தவர் அவர். தம்மைத் தாமே எழுதுவோர் பெரும்பாலும் கண்ணாடியை எதிரே வைத்துக்கொள்வர். அதில் எதை ஏற்பது, எதை மாற்றுவது என்று முடிவுசெய்யும் உரிமை இம்முறை அவருடையது. படத்திலுள்ள அவர் கையில் ஒரு தாள் இருக்கிறது. அத்தாளில் அவர் பெயரும் 1661 என்ற ஆண்டும் எழுதப்பட்டுள்ளன.