ஹாக் கொடுத்த நற்சான்று

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம். அஞ்செட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். மகள் விண்ணப்பம் போட்டிருந்த கல்லூரிகளின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், ஒரு பெயரில் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, அது கிறிஸ்டியன் காலேஜ்தானே? போறப்போ நம்ம பொண்ணா போகும், வர்றப்போ வேற சாமியைக் கும்பிட்டுக்கிட்டு வரும். பாத்துக்க."

உள்ளே இருந்து மகள் குரல் கொடுத்தாள். "தாத்தா, நம்ம சாமி அவ்வளவு லேசாவா போயிடும்?"

பெரியப்பா சிரித்தார். ஆனால் முகத்தில் இருந்த கவலை போகவில்லை.

படிக்காதவர் பயம் என்று இதைத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படிச் செய்ய மனசு வரவில்லை. தவிர, என் பிழைப்பு மென்பொருள். எங்காவது ஒன்று இடிக்கிறது என்று யாராவது சொன்னால், முதலில் லாக் ஃபைலைத் திறந்து பார்ப்பதுதான் பழக்கம். கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்கப் போன மற்ற மதத்துப் பிள்ளைகளின் நம்பிக்கைக்கு என்ன ஆனது? நம் ஊரில் இதற்கு நல்ல பழைய லாக் ஒன்று இருக்கிறது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. இரண்டு மாசமாக ராத்திரி வேலை முடிந்ததும் அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதன் குறிப்புகள் இவை.

காலியான பள்ளி

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பெரியப்பாவின் பயம் காற்றில் இருந்து வந்ததில்லை.

1837-ல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி சென்னையில் நடத்த ஆரம்பித்த ஆங்கிலப் பள்ளிதான் இந்தக் கல்லூரியின் வேர். அவர் நோக்கத்தை ஒளித்து வைக்கவில்லை. மேல்சாதி இந்துப் பையன்களுக்கு ஆங்கிலத்தோடும் மேல்நாட்டு அறிவியலோடும் சேர்த்து பைபிளையும் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் தாமாகவே கிறிஸ்தவத்துக்கு வருவார்கள் என்பது அவர் கணக்கு. பெற்றோர்களுக்கு வேறொரு கணக்கு. ஆங்கிலம் படித்தால் உத்தியோகம். பைபிள் வகுப்பை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம்.

1841-ல் இரண்டு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். இரண்டு கணக்குகளும் மோதின. பெற்றோர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பள்ளி கிட்டத்தட்ட காலியானது.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்குச் சில வருஷம் முன்பே அந்தப் பள்ளியில் ஒரு வெளிநடப்பு நடந்தது. அப்போது மதமாற்றம் காரணம் இல்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதிப் பையன்களைச் சேர்த்துக்கொண்டதுதான் காரணம். அவர்களை வெளியே அனுப்ப ஆண்டர்சன் மறுத்துவிட்டார். ஆக, 'நம் பிள்ளை கெட்டுப்போயிடும்' என்ற பயத்துக்குள் இரண்டு பயங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று சாமியைப் பற்றியது, மற்றது பக்கத்தில் உட்காருகிறவனைப் பற்றியது. முதல் பயத்துக்கு மரியாதையோடு பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு மரியாதை தேவையில்லை.

தலை எண்ணாத முதல்வர்

1862-ல் வில்லியம் மில்லர் வந்தார். அப்போது அவருக்கு 24 வயது. அவர் கையில்தான் பள்ளி கல்லூரியாக வளர்ந்தது. 1877-ல் மற்ற புராட்டஸ்டன்ட் மிஷன்களும் தோள் கொடுக்க, 'சென்னை கிறிஸ்தவக் கல்லூரி' என்ற பெயர் வந்தது. 1907 வரை அவர்தான் முதல்வர்.

மில்லர் ஆண்டர்சனின் கணக்கை மாற்றினார். எத்தனை பேர் ஞானஸ்நானம் வாங்கினார்கள் என்று தலை எண்ணுவது கல்லூரியின் வேலை இல்லை என்றார். கிறிஸ்தவச் சிந்தனை சமூகத்துக்குள் மெல்லப் பரவட்டும், மாவில் புளிப்பு ஏறுகிற மாதிரி. அது என்னவாக வளரும் என்பது கடவுள் பாடு. இதுதான் அவர் வாதம். மிஷனரிகளிலேயே பலருக்கு இது பிடிக்கவில்லை. நன்கொடை கொடுத்தவர்களுக்கு எண்ணிக்கை வேண்டும் இல்லையா! எங்கள் ஆபீஸிலும் அப்படித்தான், எண்ணில் வராத வேலையை யாரும் வேலையென்று ஒத்துக்கொள்வதில்லை. மில்லர் அசையவில்லை.

அவருக்கு மதம் மாற்றும் ஆசையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பைபிள் வகுப்பு எல்லோருக்கும் கட்டாயம். ஆனால் தலை எண்ணுவதை நிறுத்தியதும் கல்லூரியில் வேறு காரியங்களுக்கு இடம் கிடைத்தது. மதுரை விளாச்சேரியில் பிறந்த சூரியநாராயண சாஸ்திரி இங்கே படித்து, இங்கேயே தமிழாசிரியர் ஆனார். பரிதிமாற்கலைஞர் என்று பெயரைத் தமிழாக்கிக்கொண்டவர் இவர்தான். 1902 வாக்கில் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இருந்து தமிழை எடுத்துவிடலாம் என்ற பேச்சு கிளம்பியபோது எதிர்த்து நின்றார். தமிழ் ஒரு உயர்தனிச் செம்மொழி என்று வாதாடினார். 1903-ல் 33 வயதிலேயே காசநோயில் போய்விட்டார். மத்திய அரசு தமிழைச் செம்மொழி என்று அறிவித்தது 2004-ல். அந்த வாதத்தை ஒரு நூற்றாண்டு முன்பே வைத்தவருக்குச் சம்பளம் கொடுத்தது ஒரு மிஷன் கல்லூரி.

காயம்பட்ட மாணவன்

இப்போது நான் தேடிப் போன விஷயத்துக்கு வருகிறேன்.

1888-ல் திருத்தணியில் பிறந்த ஒரு பையன். எட்டு வயசில் திருப்பதி லூத்தரன் மிஷன் பள்ளி. பிறகு வேலூர் ஊரிஸ் கல்லூரி, அதுவும் மிஷன் கல்லூரி. பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. எட்டு வயசில் இருந்து இருபது வயசு வரை முழுக்க முழுக்க மிஷன் படிப்பு. தத்துவம் எடுத்ததுகூட ஆசைப்பட்டு இல்லை. உறவுக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் சும்மா கிடைத்தன, அதனால் தத்துவம். நம்ம ஊரில் அண்ணனோட பழைய புத்தகத்தை வைத்து குரூப் எடுக்கிற கதைதான். பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

பெரியப்பாவின் கணக்குப்படி பார்த்தால், இந்தப் பையன் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அதே சமயம், ஒன்றும் ஆகாமலும் இல்லை. வகுப்பில் இந்து மதத்தின் மேல் வைக்கப்பட்ட விமர்சனங்கள் அவரைக் காயப்படுத்தின. வீட்டில் பார்த்து வளர்ந்த வழிபாட்டில் எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று பிரித்துப் பார்க்கிற கட்டாயம் வந்தது. பிற்காலத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். இந்தத் தூண்டல் இல்லாவிட்டால் அவர் உபநிஷத்துகளைத் தேடிப் போயிருப்பாரா என்பதே சந்தேகம்.

அவர் காதில் விழுந்த விமர்சனங்களில் ஒன்று இது: உலகமே மாயை என்றால் நல்லது கெட்டதுக்கு என்ன பொருள்? வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடம் எங்கே? எம்.ஏ. பட்டத்துக்கு ஆய்வேடு எழுத வேண்டி வந்தபோது, இதற்குப் பதில் சொல்வதையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். வேதாந்தத்தின் அறநெறி. 1908-ல் அது புத்தகமாகவே வந்தது. வயசு இருபது.

இதைப் படிக்கப் போவது யார்? தத்துவப் பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக். ஸ்காட்லாந்து மிஷனரி, ஆழ்ந்த நம்பிக்கை உள்ள கிறிஸ்தவர். ஆசிரியர் மனசு புண்படுமோ என்ற பயம் மாணவனுக்கு இருந்திருக்கிறது. ஹாக் கொடுத்த நற்சான்று வேறு மாதிரி இருந்தது. தத்துவப் பிரச்சினையைப் புரிந்துகொண்ட விதத்தையும் சிக்கலான வாதத்தைச் சுலபமாகக் கையாளும் திறமையையும் பாராட்டியிருந்தார். அந்தச் சான்றை ராதாகிருஷ்ணன் கடைசிவரை மறக்கவில்லை. பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆன பிறகு, அவர் பிறந்த செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் ஆனது. அந்த நாளின் பின்னால் இப்படி ஒரு ஆசிரியர் இருக்கிறார் என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஹாக் ஏன் கையெழுத்துப் போட்டார்?

பெரிய மனசுக்காரர் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ஹாக் எழுதியதைப் படித்தால் காரணம் இன்னும் ஆழமாகத் தெரிகிறது.

'கர்மாவும் மீட்பும்' என்பது அவருடைய 1909-ஆம் வருஷத்துப் புத்தகம். முதலில் கல்லூரியின் இதழில் கட்டுரைகளாக வந்தது. அந்தக் காலத்து மிஷனரிகளில் ஒரு சாரார், இந்து மதம் முழுக்கப் பொய் என்றார்கள். கொஞ்சம் மென்மையானவர்கள், இந்து மதம் கேட்ட கேள்விக்குக் கிறிஸ்தவம் பதில் சொல்கிறது என்றார்கள். ஹாக் இரண்டையும் ஏற்கவில்லை. இந்து கேட்கிற கேள்வியே வேறு, கிறிஸ்தவன் கேட்கிற கேள்வி வேறு. அந்த வித்தியாசத்தை மழுப்பாமல் பார்க்கணும் என்றார். வித்தியாசத்தை நேராகப் பார்க்க, எதிரில் இருக்கிறவர் தன் கட்சியை முழு பலத்தோடு சொல்ல வேண்டும். அரைகுறையாகச் சொன்னால் பயனில்லை. இருபது வயசுப் பையன் நன்றாக எழுதிய ஆய்வேடு ஹாக்குக்கு இடைஞ்சலே இல்லை. அவருக்கு வேண்டியிருந்ததே அதுதான்.

முப்பது வருஷம் கழித்து இதற்கு ஒரு சோதனை வந்தது. கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு, தாம்பரத்தில் சேலையூர் காட்டுக்கு இடம் மாறியது. 1937 ஜனவரியில் புது வளாகம் திறந்தார்கள். முந்நூறு ஏக்கருக்கு மேல் புதர்க்காடு. மாணவர்கள் தங்குவதற்கு சேலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று மூன்று விடுதிகள். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் வளாகம் முழுக்க மரம் வைத்துக்கொண்டிருந்தார். அந்த வளாகத்தில் 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சு அறிஞர் அந்த மாநாட்டுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார். கடவுள் கிறிஸ்துவில் வெளிப்பட்டார், மற்ற மதங்கள் மனிதன் கட்டியவை, இரண்டுக்கும் பாலம் இல்லை என்பது சாரம்.

அதை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஹாக். கல்லூரியில் பத்து வருஷம் முதல்வராக இருந்து ஓய்வு பெறும் நேரம். மற்ற மதங்கள் என்ற அமைப்புகள் வேறு, அந்த மதத்து மனிதரின் உள்ளே இருக்கிற நம்பிக்கை வேறு. அந்த நம்பிக்கையிலும் கடவுள் நிஜமாகவே பதில் பேசியிருக்கிறார் என்றார். தன் நம்பிக்கையை அவர் விடவில்லை. கிறிஸ்துவே உயர்ந்தவர் என்பதில் கடைசிவரை உறுதி. ஆனால் வகுப்பறையில் இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, 'உங்களிடம் ஒன்றுமில்லை' என்று அவரால் சொல்ல முடியவில்லை.

என் லேப் ரெக்கார்டு

இதைப் படிக்கும்போது என் கல்லூரி ஞாபகம் வந்தது. பெயர் வேண்டாம். மதத் தொல்லை எதுவும் கிடையாது. ஆயுத பூஜைக்குப் பொரி கடலை கிடைக்கும், கிறிஸ்துமஸுக்கு கேக் கிடைக்கும். ஒரு தடவை லேப் பரிசோதனையில் எனக்கு வந்த அளவீடு, சீனியர் நோட்டில் இருந்த அளவீட்டோடு ஒத்துப்போகவில்லை. வந்ததை வந்தபடி எழுதினேன். சார் பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு, "நோட்டுல இருக்கிறத எழுதிட்டு வா" என்றார். எழுதினேன். மார்க் வந்தது. அதற்கப்புறம் நாலு வருஷத்தில் நான் யாரிடமும் எதையும் எதிர்த்துக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

என் சாமி பத்திரமாக இருந்தது. என் கேள்விதான் போய்விட்டது.

இன்றைக்கு எல்லாக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் ஹாக் உட்கார்ந்திருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. எல்லா மற்ற கல்லூரியிலும் என் லேப் சார் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. சட்டத்தைப் பொறுத்தவரை ராதாகிருஷ்ணன் காலத்துக்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்த உரிமை தருகிறது. 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்தில் யாரையும் சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. மாணவர் மைனர் என்றால் சம்மதம் தர வேண்டியவர் பெற்றோர் அல்லது காப்பாளர். பயப்படுகிற பெற்றோர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் சட்டத்தால் ஒரு ஹாக்கைக் கொடுக்க முடியாது. அதனால் கல்லூரி பார்க்கப் போனபோது, மகளை ஒரே ஒரு விஷயம் விசாரிக்கச் சொன்னேன். சீனியர் பெண்களிடம் கேள்: இங்கே ஆசிரியர் சொன்னதற்கு எதிராக எழுதி, மார்க் வாங்கினவங்க யாராவது இருக்காங்களா?

கேட்டுவிட்டு வந்து, இருக்காங்க என்றாள். சேர்ந்தாயிற்று.

பெரியப்பாவிடம் ராதாகிருஷ்ணன் கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அந்த வெள்ளக்கார வாத்தியார் நல்ல மனுஷன்தான் போல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அது இருக்கட்டும், ஆஸ்டல்ல களி போடுவாங்களா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.