கட்டடம் போகும், குழி போகாது

புதுச்சேரி கருவடிக்குப்பம் சித்தானந்த சுவாமிகள் கோயிலில் முதலில் வந்தது சமாதி. கோயில் பிறகு எழுந்தது. இயேசுவின் சீடர் தோமையாரின் கல்லறை இருக்கும் சென்னை சாந்தோமிலும் அதே வரிசைதான். ஆனால் சாந்தோமில் சமாதிக்கு மேலிருந்த கட்டடம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மறைந்திருக்கிறது.

ஜான் மாண்டெகொர்வினோ என்ற இத்தாலியத் துறவி சீனாவுக்குப் போகும் வழியில், 1291 வாக்கில், 13 மாதங்கள் இந்தியாவில் தங்கினார். கூட வந்த பிஸ்தோயா ஊர் நிக்கோலஸ் இங்கேயே இறந்துபோக, அவரைத் தோமையார் கோயிலில் அடக்கம் செய்ததாகப் பிற்பாடு பெய்ஜிங்கிலிருந்து கடிதம் எழுதினார். அந்தக் கோயில் இன்று தரைக்கு மேல் இல்லை. 1523இல் போர்த்துக்கீசியர் கல்லறையைத் தோண்டிப் பார்த்து, அங்கேயே தங்கள் கோயிலைக் கட்டினார்கள். அதையும் இடித்துவிட்டு 1896இல் எழுந்ததுதான் இப்போதுள்ள வெள்ளைப் பேராலயம். தோமையாரின் எலும்புகள் எடெஸ்ஸா வழியாக 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனாவுக்குப் போய்விட்டன என்பது மரபு. ஆள் போன பிறகும் மார்க்கோ போலோ காலத்தில் இங்கே யாத்திரிகர் கூட்டம் குறையவில்லை! கிடந்தவர் யார் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. என்னை வியக்க வைப்பது குழியின் ஆயுள்தான்.

செங்கல்லுக்கு எப்போதும் ஆள் உண்டு. ஒரு சுவர் இடிந்தால், அக்கம்பக்கத்தார் பெயர்த்துக் கொண்டுபோய் அடுத்த வீட்டைக் கட்டுவார்கள். புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டுக்கு நடந்தது அதுதான். 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது, பல இடங்களில் சுவருக்குப் பதில் சுவரைப் பிடுங்கிய பள்ளமே அகப்பட்டது.

குழியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. தோண்டும்போது அடுக்கடுக்காய் இருந்த மண் கலைத்த சீட்டுக்கட்டு ஆகிவிடுகிறது. எவ்வளவு கவனமாக மூடினாலும் பழைய வரிசை திரும்பாது. மூடிய மண் சுற்றுப்புறத்தைவிடத் தளர்ந்திருக்கும், நிறம் மாறும், பெரும்பாலும் ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும். ஈரமண்ணில் மின்சாரம் எளிதில் பாயும், செங்கல் அடித்தளம் அதைத் தடுக்கும். ஆகவே தரையில் மின்முனைகளைக் குத்தி மின்தடையை அளந்தால், மண்வெட்டி படாமலே குழி ஒரு பக்கம், சுவர் ஒரு பக்கம் என்று வரைபடம் போட்டுவிடலாம்.

எலும்பு கரைந்துபோனாலும் தடயம் நிற்கும். கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணலில் சுண்ணாம்புச் சத்து இருப்பதால் எலும்பு நீடிக்கும்; செம்மண் போன்ற அமில மண் அதைத் தின்றுவிடும். ஆனால் எலும்பிலிருந்த பாஸ்பேட் மண்ணின் இரும்பு, அலுமினியத்தோடு பிணைந்துகொண்டு மழைக்கும் அசையாது. நூற்றாண்டுகள் கழித்தும் சோதனைக்கூடம் அதைக் கண்டுபிடிக்கும்.

இவ்வளவும் அந்த மண்ணை மறுபடி யாரும் கலைக்காதவரைதான். சென்னைப் பரங்கிமலையில் 1547இல் அடித்தளம் தோண்டியபோது பஹ்லவி எழுத்துப் பொறித்த பழஞ்சிலுவை கிடைத்தது. கல் என்பதால் தப்பியது. மண்ணின் நிறமாற்றம் ஜேசிபி வாளிக்கு முன் ஒரு நொடி தாங்காது. வீடு கட்ட வானம் தோண்டும்போது தாழி ஓடோ எலும்போ கறுத்த மண் திட்டோ கண்ணில் பட்டால், வண்டியை நிறுத்துங்கள். எதையும் எடுக்காமல் இருந்த இடத்திலேயே படம் பிடித்து, தொல்லியல் துறைக்கோ தாசில்தாருக்கோ சொல்லுங்கள்.